மாவில் போட்ட சமையலறை

இது ஜன்னல். நான் ஜன்னல் என்று சொன்னால் ஜன்னல்தான், இல்லை என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள், கொடியில் காயும் அவருடைய வேட்டியும் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு காக்கையும்தான். வாடகை வீட்டு மொட்டைமாடியில், அரிசிமாவால் இழுத்த கோடுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நிற்கிறேன். நீளம் எட்டடி, அகலம் ஆறரை. அம்பத்தூர்ப் பக்கம் வாங்கியிருக்கும் சின்ன ஃபிளாட்டில் எனக்குக் கிடைக்கப்போகும் சமையலறை இவ்வளவுதான். தாரிணி கைப்பேசியில் காட்டியபோது அது பிஸ்கட் டப்பா மூடியில் போட்ட படம்போல இருந்தது, அடுப்பு ஒரு தீப்பெட்டி, ஃப்ரிட்ஜ் ஒரு சோப்புக் கட்டி. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் மகள். "நல்லா இருக்கு" என்றேன். ஒன்றும் புரியவில்லை. உடம்போடு ஒட்டிப் பார்க்காத அளவு எனக்குப் புரியாது, ஜாக்கெட் துணியைக்கூடத் தோளில் வைத்துப் பார்த்தபிறகுதான் வெட்டுவேன். அதனால்தான் வெயில் ஏறுவதற்கு முன்பே இஞ்ச் டேப்பையும் மாவு டப்பாவையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன், படத்தில் இருக்கும் சமையலறையை அதன் முழு அளவில் தரையில் போட்டு உள்ளே நின்று பார்த்துவிடலாம் என்று. இன்று பார்த்தால்தான் உண்டு. இன்னும் சற்று நேரத்தில் தாரிணி எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். எஸ்தர்தான் இந்தச் சமையலறையைப் படம் போட்டவள், முப்பது வயதுகூட இருக்காது, தோளில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். "இன்னைக்கு நீங்க சரின்னு சொல்லிட்டா அதுதாம்மா ஃபைனல். நாளைக்கு பிளம்பர் சுவரை வெட்டி பைப் பதிச்சுடுவார். அப்புறம் மாத்தணும்னா உடைக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். உடைக்கணும். அந்த வார்த்தை இரண்டு நாளாக என் காதில் நின்றுகொண்டிருக்கிறது.

போட்டு முடித்து, டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கதவு என்று இடைவெளி விட்ட இடத்தின் வழியாக உள்ளே வந்தேன். கதவு வழியாகத்தான் வந்தேன், கோட்டைத் தாண்டி வரவில்லை, யாரும் பார்க்காவிட்டாலும் சுவர் சுவர்தானே. வந்து ஜன்னலைப் பார்த்து நின்றேன். எனக்கு முன்னால் மேடை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் தரை, பாசி பிடித்துக் காய்ந்த தரை, ஆனாலும் அங்கே மேடை இருந்தது, நான் அதன்மேல் சாய்ந்துவிடுவேனோ என்றுகூடத் தோன்றியது. வாணலியை வைப்பதுபோலக் கையைக் கொண்டுபோனேன். அடுப்புத் திருகைத் திருகுவதுபோல விரலை மடக்கினேன். கடுகு வெடிக்கட்டும் என்று காத்திருந்தேன், பைத்தியம்போல, கொடியில் வேட்டி படபடத்தது, அதுவே எண்ணெய்ச் சத்தம்போலக் கேட்டது. கரண்டியை எடுத்தேன். கிளறினேன். கிளறிக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, நன்றாக இருந்தது, என்னவோ நன்றாக இருந்தது, நீந்துகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கிளறிக்கொண்டிருந்தது என் இடது கை.

யாருடைய கை என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தது. இருட்டில் கண்ணாடியைக் கடக்கும்போது வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நின்றுவிடுவோமே, அப்படி. அது பாட்டுக்குக் கிளறியது, மணிக்கட்டை வளைத்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவே கொண்டுவந்தது, இடப்பக்கம் நீண்டு இல்லாத அஞ்சறைப் பெட்டியிலிருந்து இல்லாத மஞ்சளை எடுத்து வந்தது. நான் சொல்லவில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அது எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை, அதுதான், இடிக்கவில்லை, ஏன் இடிக்கவில்லை, இடப்பக்கம் சுவர் இருக்க வேண்டுமே, அடுப்புக்கு இடப்பக்கம் சுவர் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேனே. திரும்பிப் பார்த்தேன். சுவர் வலப்பக்கம் இருந்தது. சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பு, அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிங்க். படத்தில் ஜன்னல் மேலே இருந்தது. நான் ஜன்னலை என் காலடியில் ஆரம்பித்துவிட்டேன், கோலத்துக்குக் குனிகிற பழக்கத்தில், இடது வலது மட்டும் படத்தில் இருந்தபடியே வைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அதனால் உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்து நின்றால் எல்லாம் இடம் மாறி இருக்கிறது. முழுச் சமையலறையும் கண்ணாடிக்குள் போய்விட்டது.

அந்தச் சுவரைப் பற்றி எஸ்தரிடம் நான் எவ்வளவு பிடிவாதம் பிடித்தேன். முதல் நாள் அவள் வந்து, "உங்களுக்கு மேடை எவ்வளவு உயரம் வேணும்மா?" என்று கேட்டபோதே முழித்தேன். மேடைக்கு உயரம் உண்டு, அதை ஒருத்தரிடம் கேட்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பெரம்பூரில் மாமியார் வீட்டு மேடை மாமியார் உயரத்துக்கு இருந்தது, அவர் குள்ளம், நான் குனிந்தே சமைத்தேன். பிறகு வந்த வாடகை வீடுகளில் எல்லாம் முகம் தெரியாத யாரோ ஒரு கொத்தனாருக்குத் தோன்றிய உயரம். மழை இவ்வளவு பெய்யட்டும் என்று நாமா சொல்கிறோம், மேடையும் அப்படித்தான் என்று இருந்தேன். அவளோ பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, உங்கள் கை எவ்வளவு தூரம் எட்டும், உட்கார்ந்து நறுக்குவீர்களா நின்றா, எந்தப் பாத்திரம் தினமும் எடுப்பீர்கள், எது பொங்கலுக்கு மட்டும் இறங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர்கூட என்னிடம் அவ்வளவு கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "உன் இஷ்டம்மா" என்றேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாய் திறந்தது. "அடுப்புக்கு இடப்பக்கம் சுவர் இருக்கணும்." அவள் கன்னத்தில் பென்சிலைத் தட்டிக்கொண்டு, தண்ணீர் பைப் அந்தப் பக்கம்தான் ஏறி வருகிறது, சிங்க் அங்கே வந்தால் சுலபம், அடுப்பை வலப்பக்கம் வைக்கலாமே என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னேன். தாரிணிக்கு ஆச்சரியம், அம்மா ஒன்று கேட்டுவிட்டாள். "எங்கம்மா வாயத் தொறந்து கேக்கறதே இது ஒண்ணுதான் எஸ்தர், எப்படியாவது பண்ணிக் குடுத்துடுங்க" என்று எனக்காகச் சண்டைபோட்டாள். எஸ்தர் பைப்பை அறையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகிற மாதிரி படத்தைத் திருத்திக்கொண்டு வந்தாள். அந்தத் திருத்திய படத்தைத்தான் நான் இப்போது தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

அழித்துவிட்டுப் போடலாம். நேரம் இருக்கிறது. ஆனால் இன்னொரு முறை நின்று பார்க்கலாம், ஒரே ஒரு முறை, குழம்புக்கு மட்டும். இப்போது கையைப் பார்த்துக்கொண்டே செய்தால் அது கூச்சப்பட்டு நின்றுவிடுமோ என்று ஜன்னலைப் பார்த்தேன், ஜன்னலுக்கு அப்பால் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா, அதற்கு அப்பால் ஒரு முருங்கை மரத்தின் உச்சி. கை மெதுவாக மேலே வந்தது. அம்மாவுக்கு இந்தக் கையைக் கண்டால் ஆகாது. அடிக்க மாட்டாள், அம்மா அடித்து எனக்கு நினைவில்லை, அவளுக்கு வேறு வழி இருந்தது. வளையல்காரர் வந்தால் என் வலது கையில் பேருக்கு இரண்டு போடச் சொல்வாள், இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும் கண்ணாடி வளையலாக அடுக்கச் சொல்வாள். மற்ற பெண்களுக்கெல்லாம் என்மேல் பொறாமை. அம்மா கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், நான் உள்ளே தட்டை எடுக்க இடது கையை நீட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும், கொல்லையிலிருந்து "ம்ம்!" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். கை பின்னுக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் அம்மாவின் குரல் தேவைப்படவில்லை, என் காதே எனக்குக் காவல் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அங்கேயும் வலது கையால்தான் எழுதினேன், வரிகள் மாடிப்படி மாதிரி இறங்கும். நொட்டாங்கைக்காரி வீட்டில் சோறு தங்காது என்று யாரோ சொல்லி அம்மாவைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவள் என்ன செய்வாள், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே.

கட்டிக்கொடுத்தாள். பெரம்பூர் வீட்டில் அடுப்பு மூலையில் இருந்தது, இடது தோள் சுவரில் உரச நின்றுதான் சமைக்க முடியும். அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி. புது வீடு, புது மனுஷர்கள், பதற்றத்தில் கை மறந்துபோய் எழும்பினாலும் முழங்கை சுவரில் இடிக்கும், உடனே அடங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தச் சுவரில் என் முழங்கை பட்டுப்பட்டு ஓர் இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், "எம் மருமக பூங்காவனம் எப்பப் பாரு செவுத்தோட செவுரா ஒட்டி நிப்பா, அவ்ளோ அடக்கம்." அடக்கம்தான். அடங்கியிருந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தண்ணீர் வருமா என்று பார்ப்பார், நான் அடுப்படிக்குப் போய் இடப்பக்கம் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாத வீட்டை வேண்டாம் என்றுவிடுவேன். "உங்க அம்மாவுக்கு வாஸ்து" என்று அவர் தாரிணியிடம் கேலி செய்வார். நானும் வாஸ்து என்றே விட்டுவிட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லையா? சொல்வதற்கு அதில் என்ன இருந்தது. வலது கை எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது, அரைத்தது, உருட்டியது, தோசை திருப்பியது, நாற்பது வருஷமாக அவருக்குப் பரிமாறியது. இடது கை ஒத்தாசைக்கு நின்றது, பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டு, மூடியை எடுத்துக்கொடுத்துக்கொண்டு. ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்து ஒருத்தி மட்டும் சபைக்கு வருகிற மாதிரி. விடியற்காலை வாசலில் கோலம் போடும்போது மட்டும், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மாவு எப்படியோ அந்தக் கைக்குப் போய்விடும். தூரத்தில் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடி வலது கைக்கு வந்துவிடும். கோலத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், இந்த இழை அது போட்டது, அந்த இழை இது போட்டது. வேறு யாருக்கும் தெரியாது. தாரிணி பிறந்தபோது கிலுகிலுப்பையை அவள் முகத்துக்கு நேராக ஆட்டி எந்தக் கையை நீட்டுகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலது கையை நீட்டினாள். அப்பாடா என்று இருந்தது. கூடவே, ரயிலடியில் வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் போய்விட்டமாதிரியும் இருந்தது.

கால் சுடுகிறது. வெயில் மேடையின் பாதிவரைக்கும் வந்துவிட்டது, சிங்க் இன்னும் தொட்டியின் நிழலில் இருக்கிறது. சிங்க்கின் ஓரத்தில் ஏதோ அசைகிறது, எறும்புகள், அரிசிமாவு என்று தெரிந்து வரிசைகட்டி வந்துவிட்டன, என் சிங்க்கை ஒவ்வொரு துகளாகத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரின் விரிசலுக்குள் போகின்றன. அங்கே எந்த எறும்பு சமைக்கப்போகிறதோ. படியில் செருப்புச் சத்தம். அவர்கள் வந்துவிட்டார்களா என்று திரும்பினேன், இல்லை, அவர்தான், வேட்டி காய்ந்ததா என்று பார்க்க வந்திருக்கிறார். வந்தவர் நேராக நடந்து ஜன்னலைத் தாண்டி மேடைமேல் கால் வைத்தார். "ஏங்க! ஜன்னல் வழியா வரீங்க!" என்றேன். குனிந்து காலைப் பார்த்தார். "அய்யய்யோ, திருடன்னு புடிச்சுக் குடுத்துடாத தாயே" என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்து, காற்றில் விரலை மடக்கித் தட்டினார். "டொக் டொக். பூங்கா, டீ கிடைக்குமா?" "பால் இன்னும் வரலை." "சரி, உள்ளயாவது வரலாமா?" வந்து நின்றார். அவர் வந்ததும் சமையலறை நிறைந்துவிட்டது. "ஃப்ரிட்ஜ் எங்க?" என்றார். "நீங்க நிக்கிறதுதான் ஃப்ரிட்ஜ்." "அதான பார்த்தேன், ஜில்லுன்னு இருக்கே" என்று சுடுகிற தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த கண்கள். அங்கே எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித்தான் இருக்கும், அதைத்தான் அவர் வேலைக்காலம் முழுக்கப் படித்தார். அவரிடம் இது தப்புமா? "இந்தா, இது திரும்பியில்ல இருக்கு" என்றார். "உன் செவுரு அந்தப் பக்கம் வரணுமே. அடுப்பு இங்க வந்துருக்கு." "தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது, தண்ணீர் சொம்பைப்போலக் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்திருக்கிறது. "அதனால என்ன, அழிச்சுட்டுப் போடு. அவங்க வர நேரம் இருக்கு" என்று தொட்டிக்குப் பின்னால் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். துடைப்பம் என் கையில் இருக்கிறது. இரண்டு இழுப்பு போதும், எல்லாம் போய்விடும். அழித்துவிட்டு, ஜன்னலை எட்டத்தில் வைத்து ஆரம்பித்து, சரியாகப் போட்டு, சுவர் இருக்க வேண்டிய பக்கத்தில் சுவரும் நான் இருக்க வேண்டிய இடத்தில் நானும். எஸ்தர் வருவாள், நன்றாக இருக்கிறதா என்பாள், நன்றாக இருக்கிறது என்பேன், நாளைக்கு பைப் பதிப்பார்கள். பிறகு உடைத்தால்தான். எனக்கு அறுபத்து மூன்று வயது, யார் உடைக்கப்போகிறார்கள். இது கடைசிச் சமையலறை. இதற்கு மேல் வீடு பார்க்கப் போகமாட்டோம்.

சிங்க் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குனிந்தேன். எறும்பு வரிசை. அதன்மேல் எப்படிப் பெருக்குவது, போகட்டும், கதவுப் பக்கத்திலிருந்து பெருக்கலாம். கதவுப் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் முழு அறையும் தெரிகிறது. யாரோ ஒரு பெண்ணுக்காகப் போட்ட அறை. இந்தப் பெண் உள்ளே வந்ததும் வலப்பக்கம் திரும்பி அடுப்பைப் பற்றவைப்பாள், இடது கை வீசிக்கொள்ள மேடை முழுக்க இருக்கிறது, சிங்க்கிலிருந்து கழுவிய கீரையை ஒரே வீச்சில் கொண்டுவருவாள், கத்தி அவள் கையில் சரியான பக்கம் பார்த்து உட்காரும், எதையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற மாட்டாள். எப்படிப்பட்ட பெண்ணாக இருப்பாள்? சத்தமாகப் பேசுவாளோ? இந்நேரம் வரைக்கும் எங்கே இருந்தாள்? எனக்குப் பயமாக இருந்தது. கோயிலில் திரையை விலக்கும்போது வருகிற பயம், உள்ளே இருப்பது நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்துவிடுமோ என்கிற பயம். இவ்வளவு நாள் தோளில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அறை முழுக்க வழி தெரிந்திருக்கிறதே. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் தூங்கும்போது அது தனியாகச் சமைத்துப் பழகியதா? ஒருவேளை சொல்லிவிட்டால். என்ன சொல்வது? அவர் என்ன நினைப்பார், நாற்பது வருஷம் நான் போட்டதைச் சாப்பிட்டவர், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? தாரிணி, எனக்காகச் சண்டைபோட்டவள், என்னம்மா விளையாடுகிறாயா என்று கேட்டால்? துடைப்பத்தைத் தரையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். எந்தக் கையால் எடுத்தேன் என்று பார்த்துக்கொண்டேன்.

படியில் இப்போது இரண்டு ஜோடிச் செருப்புகள். "அம்மா, மாடியில என்ன பண்றே இந்த வெயில்ல?" என்று தாரிணியின் குரல் முதலில் வந்தது, பிறகு அவள், பிறகு எஸ்தர். எஸ்தர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். "அய்யோ அம்மா! ஃபுல் சைஸ்ல போட்டுட்டீங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள், டேப்பை வைத்து அளந்தாள், "அரை இஞ்சுகூடத் தப்பலை" என்றாள். பிறகு தன் கைப்பேசியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். "ஆனா இது..." "திருப்பிப் போட்டுட்டா" என்று நிழலிலிருந்து அவர் குரல் கொடுத்தார், "அழிக்கச் சொன்னேன், மனசு வரலைபோல." தாரிணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "சரியாப் போச்சு. எஸ்தர் முதல்ல சொன்னதும் இதேதானேம்மா? நீதானே செவுரு வேணும் செவுரு வேணும்னு மாத்தச் சொன்ன?" எஸ்தர் சிரித்தாள். "விடுங்கக்கா, படம் நம்மகிட்ட இருக்கு. அப்பா, கொஞ்சம் வாங்களேன், இந்த டேப் நுனிய அம்மா கால்கிட்டத் தரையில புடிச்சுக்கங்க. மேடை உயரம் மட்டும் எடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது. அம்மா, அடுப்பு முன்னாடி நின்னு கரண்டி புடிக்கிற மாதிரி கைய மடக்குங்க. முழங்கைக்குக் கீழ எடுக்கணும்." அவர் முனகிக்கொண்டே வந்து என் காலடியில் குந்தி டேப்பின் நுனியைக் குதிகாலுக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தார். அவரை என் காலடியில் நான் பார்த்ததே இல்லை, தலையில் நடுவே முடி கொட்டியிருப்பது மேலிருந்து வட்டமாகத் தெரிந்தது. எஸ்தர் டேப்பை மேலே இழுத்துக்கொண்டு, பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டாள், "ரைட்டாம்மா, லெஃப்ட்டா?"

என்ன கேட்டாள்? எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா? இப்படிக் கேட்பதற்கு ஒரு கேள்வி உண்டா? "என்னம்மா?" என்றேன். "நீங்க ரைட் ஹேண்டா, லெஃப்ட் ஹேண்டா? எல்லார்கிட்டயும் கேக்கறதுதாம்மா, அன்னைக்குக் கேக்க மறந்துட்டேன்." எல்லோரிடமும் கேட்கிறாள். வீடு வீடாகப் போய், டேப்பை நீட்டி, காப்பி சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதற்குப் பதில் சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள், இதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள், உலகத்தில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது. முழங்கையை மடக்கிக்கொண்டு, விரல்களைக் குவித்துக்கொண்டு, இடது கை என் இடுப்புக்கு மேலே எழும்பி அங்கேயே நின்றது. "அம்மா, அந்தக் கை இல்ல" என்றாள் தாரிணி. "அந்தக் கைதான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எனக்கு அதுதான் கை. சின்னதுலேருந்தே. அது எழும்பாம இருக்கத்தான் செவுரு கேட்டேன். செவுரு வேணாம்." தாரிணி என் கையையே பார்த்தாள், முதல் முதலாகப் பார்க்கிற ஒன்றைப் பார்ப்பதுபோல. எஸ்தர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். கீழே குந்தியிருந்தவர் மட்டும் நிமிரவில்லை. அவர் தலையில் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா, வருத்தமா, எனக்கு மேலிருந்து தெரியவில்லை. டேப்பின் நுனியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். தரையைப் பார்த்தபடியே கேட்டார், "அப்போ இத்தன வருஷமா நான் சாப்பிட்டது?" "வலது கை சமையல்" என்றேன். யோசித்தார். "அப்போ உன் சமையல நான் இன்னும் சாப்பிடவே இல்லன்னு சொல்லு."

தாரிணிதான் முதலில் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். எஸ்தர் அளவைப் படித்துக் குறித்துக்கொண்டாள், முப்பத்து மூன்றரை இஞ்ச், என்னுடைய அளவு, மாமியாருடையதோ கொத்தனாருடையதோ இல்லை. "பைப்பச் சுத்திக் கொண்டுபோற வேலையும் மிச்சம். அப்போ இந்தத் தரையில இருக்கறத அப்படியே ஃபைனல் பண்ணிடட்டுமாம்மா?" என்றாள். மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அவரும் இப்போது நிமிர்ந்துவிட்டார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. நாளைக்குச் சுவரில் பைப் ஏறிவிடும். அப்புறம் உடைத்தால்தான். இந்தக் கை இதுவரைக்கும் ஒரு ரசத்துக்குக்கூட உப்புப் போட்டதில்லை. காற்றில் கிளறுவது வேறு, கொதிக்கிற பாத்திரத்தில் கிளறுவது வேறு, எவ்வளவு என்று அதற்கு யார் சொல்வது, முதல் நாள் கரிக்கும், இரண்டாம் நாள் சப்பென்று இருக்கும், சூடு படும், கொப்புளம் வரும், அறுபத்து மூன்று வயதில் புதுசாக அடுப்படிக்கு வருகிறவள் கொஞ்ச நாள் எல்லோரையும் படுத்தத்தான் செய்வாள். படுத்தட்டும். "பண்ணிடும்மா" என்றேன். அளந்து முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தும் கையை இன்னும் கீழே இறக்கவில்லை.